சின்ன உடம்பு கிட்டாருக்கு எந்தக் கம்பி?

சுருதி சேர்த்த ஸ்டீல் கம்பி கிட்டாரை யாரும் தொடாமல் மூலையில் சாத்தி வைத்திருந்தாலும், அதன் மேல்பலகைக்கு ஓய்வு கிடையாது. வழக்கமான 12 செட் (மெல்லிய முதல் கம்பி 0.012 அங்குலத் தடிமன் உள்ள செட்) போட்டிருந்தால் ஆறு கம்பிகளும் சேர்ந்து 70 கிலோவுக்கு மேல் இழுத்துக்கொண்டே இருக்கும். வளர்ந்த ஆள் ஒருவரின் எடை அது. தாங்குவதோ பெரும்பாலும் மூன்று மில்லிமீட்டர்கூட இல்லாத ஸ்ப்ரூஸ் பலகை. பலகையைத் தடிமனாக்கினால் பாரம் தாங்கும், ஆனால் ஒலி எழும்பாது. மெலிதாக்கினால் ஒலி எழும்பும், நாளடைவில் பலகை புடைத்துக்கொள்ளும். அதனால்தான் கிட்டாரையும் கம்பியையும் தனித்தனியாக யோசித்து வாங்கக் கூடாது.

சின்ன உடம்பு என்றால் எவ்வளவு சின்னது? அமெரிக்காவின் பென்சில்வேனியாவில், நாசரேத் என்ற ஊரில் இயங்கும் மார்ட்டின் நிறுவனம் 19ஆம் நூற்றாண்டிலிருந்து பயன்படுத்தும் அளவுப் பெயர்களைத்தான் இன்று மற்றவர்களும் சொல்கிறார்கள். பூஜ்யம் கூடக் கூட உடம்பு பெரிதாகும். 0 அளவின் அகலமான இடம் 13.5 அங்குலம், 00 சுமார் 14.3, 000 சரியாக 15. கடைகளில் அதிகம் தொங்கும் ட்ரெட்நாட் 15.6 அங்குலம், ஆழமும் கூடுதல். பிரிட்டிஷ் போர்க்கப்பல் ஒன்றின் பெயரை அதற்கு வைத்தார்கள்.

அகலத்தில் ஒன்றிரண்டு அங்குலம்தான் வித்தியாசம். ஆனால் காதுக்கு அது பெரிய வித்தியாசம். கம்பி தனியாக அசைக்கும் காற்று மிகக் கொஞ்சம். வீணையின் குதிரைக்கு இணையான பிரிட்ஜ் வழியாக அதிர்வு பலகைக்குப் போகிறது. பலகை பெட்டிக்குள் இருக்கும் காற்றை அசைக்கிறது. காலி பாட்டிலின் வாயில் ஊதினால் ஒரு குறிப்பிட்ட ஸ்வரம் கிளம்புமே, அதேபோல கிட்டார் பெட்டிக்குள் இருக்கும் காற்றுக்கும் சொந்தமாக ஒரு ஸ்வரம் உண்டு. பெரிய உடம்பில் அது 100 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். பெட்டி சிறுத்தால் மேலே ஏறும். எல்லாவற்றிலும் தடித்த ஆறாவது கம்பியின் அடி அதிர்வெண் 82 ஹெர்ட்ஸ். ஆக, சின்னப் பெட்டி அதிலிருந்து இன்னும் தள்ளிப் போய்விடுகிறது. அந்த அடி ஒலிக்கு அதனிடம் உதவி குறைவு.

ஆனாலும் நமக்கு அந்த ஸ்வரம் கேட்கத்தான் செய்கிறது. 82இன் மடங்குகளான 165, 247 எல்லாம் நன்றாக ஒலிப்பதால், பலவீனமாக இருக்கும் அடி ஒலியை மூளையே ஊகித்து நிரப்பிக்கொள்கிறது. பேஸ் மெலிகிறது, காணாமல் போவதில்லை. பதிலுக்குக் கிடைப்பது தெளிவு. விரலால் மீட்டும்போது நடுக்கம்பிகளைத் தடித்த கம்பியின் முழக்கம் மூடுவதில்லை. மைக் முன்னால் இது பெரிய வசதி. பத்துப் பேர் பாடும் இடத்தில் பிளெக்ட்ரம் கொண்டு ஓங்கி அடிப்பவருக்கு ட்ரெட்நாட்தான் சரி. வீட்டில் உட்கார்ந்து விரலால் வாசிப்பவருக்கு நான் தயங்காமல் 00 சொல்வேன்.

சரி, கம்பிக்கு வருவோம். சுருதியும் நீளமும் மாறாமலிருந்தால், இழுவிசை கம்பியின் தடிமனுடைய வர்க்கத்தைப் பொறுத்துக் கூடும். 25.4 அங்குல நீளத்தில் 0.012 அங்குல முதல் கம்பிக்குச் சுமார் 10.5 கிலோ வேண்டும். 0.011 போட்டால் 8.8 போதும். ஓர் அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு குறைத்ததற்கு 16 சதவீதம் இறங்குகிறது! 0, 00 கிட்டார்கள் பலவற்றில் கம்பி நீளம் 24.9 அங்குலம்தான்; அதனால் மட்டுமே இன்னொரு 4 சதவீதம் குறையும். அதே செட் இங்கே விரலுக்கு மெத்தென்று இருப்பதன் காரணம் இதுதான். இதில் 10 செட் போட்டால் கம்பி தளர்ந்து, வீணையின் மெட்டுக்கு இணையான ஃப்ரெட்டில் உரசும்; பலகையைக் கிளப்பவும் வலு போதாது. 12இல் தொடங்குங்கள், விரல் வலித்தால் 11. அதற்கு மேல் தடித்த 13 வேண்டாம்.

ஒரு எச்சரிக்கை. 1920களுக்கு முந்தைய சின்ன கிட்டார்கள் பெரும்பாலும் குடல் நரம்புக்காகச் செய்யப்பட்டவை. அவற்றிலோ இன்றைய நைலான் கம்பி கிளாசிக்கல் கிட்டாரிலோ ஸ்டீல் கம்பியைப் போடவே கூடாது. பிரிட்ஜ் பெயர்ந்து வந்துவிடும்.

பழைய கிட்டார் வாங்கும்போது மேல்பலகையைக் கண்மட்டத்துக்குத் தூக்கி, வெளிச்சத்துக்கு எதிராகப் பாருங்கள். பிரிட்ஜுக்குப் பின்னால் லேசான மேடு சகஜம். முன்னால் பள்ளமும் பின்னால் பெரிய புடைப்பும் இருந்தால் வேண்டாம். பலகை ஒரே மரமா, பிளைவுட்டா என்பதை சவுண்ட் ஹோலின் விளிம்பில் பார்க்கலாம்: மேலே தெரியும் மர ரேகை விளிம்பிலும் தொடர்ந்தால் ஒரே மரம்.

கம்பி மாட்டும்போது பலர் சறுக்கும் இடம் பிரிட்ஜ் பின், அதாவது கம்பியின் நுனியைப் பிரிட்ஜின் துளையில் பிடித்து வைக்கும் சின்ன முளை. கம்பியின் நுனியில் இருக்கும் குண்டு, பின்னின் அடியில் முட்டிக்கொண்டு நிற்கக் கூடாது. பெட்டிக்குள், பலகைக்கு அடியில் ஒட்டியிருக்கும் கட்டையின் அடிப்புறத்தில், பின்னுக்குப் பக்கவாட்டில் அது உட்கார வேண்டும். குண்டுக்குப் பக்கத்தில் கம்பியைச் சற்று வளைத்து உள்ளே விட்டு, பின்னை விரலால் லேசாக அழுத்தியபடி கம்பியை மேலே இழுத்தால் ‘டக்’கென்று உட்காரும். அப்புறம் பின்னைச் சுத்தியலால் தட்ட வேண்டிய அவசியமே இருக்காது.

கம்பியை முறுக்கும் ட்யூனரின் தண்டில் தடித்த கம்பிக்கு இரண்டு மூன்று சுற்று, மெல்லிய கம்பிக்கு இன்னும் ஒன்றிரண்டு. ஒவ்வொரு சுற்றும் முந்தையதற்குக் கீழே விழட்டும். அப்போது கழுத்தின் தலைப்பில் கம்பிகள் படியும் பள்ளமிட்ட துண்டான நட்டில் கம்பி நன்றாக அழுந்தும். புதுக் கம்பி திரும்பத் திரும்பச் சுருதி இறங்கினால், எஃகு நீண்டுகொண்டே போகிறது என்று நினைக்க வேண்டாம். தண்டில் உள்ள சுற்றுகள் இறுகுகின்றன, குண்டு தன் இடத்தில் படிகிறது, அவ்வளவுதான். இழுவிசையில் ஒரு சதவீதம் தளர்ந்தாலே காதுக்குத் தெரியும். பன்னிரண்டாம் ஃப்ரெட் அருகே ஒவ்வொரு கம்பியையும் மெதுவாகத் தூக்கி இழுத்து, மறுபடி சுருதி சேர்த்து, இதையே மூன்று நான்கு முறை செய்தால் அன்றைக்கே வாசிக்கலாம்.