மூன்று எட்டு, ஒரு தாவல்: ஹேண்ட்பாலில் எறிவதும் மறிப்பதும்

கைப்பந்து என்றால் நமக்கு வாலிபால். எறிபந்து என்றால் த்ரோபால். ஆகவே பந்தைக் கையால் எறிந்து கோல் போடும் ஹேண்ட்பாலை ஹேண்ட்பால் என்றே சொல்லிவிடலாம். 40 மீட்டர் நீளம், 20 மீட்டர் அகலம் கொண்ட ஆடுகளம். கோலுக்கு முன்னால் வளையும் 6 மீட்டர் கோட்டுக்குள் கோல்கீப்பர் தவிர யாரும் கால் வைக்கக் கூடாது. ஆனால் வெளியிலிருந்து தாவி, தரையைத் தொடும் முன் பந்தை விட்டுவிட்டால் கோல் செல்லுபடியாகும். தாவி எறிதலுக்கு இத்தனை மதிப்பு வந்தது இந்த விதியால்தான்.

பந்தோடு மூன்று எட்டு வைக்கலாம். வலக்கைக்காரர் இடது, வலது, இடது என வைத்து இடது காலில் எழும்ப வேண்டும். அந்தரத்தில் பந்தைப் பிடித்து இறங்கும் கால் எட்டுக் கணக்கில் சேராது. ஓட்டத்திலேயே பிடிப்பவருக்கு அது லாபம். நின்று பிடித்துவிட்டுக் கிளம்புபவரை மறிப்பது எளிது. புதியவர்களுக்கு முதலில் பந்தில்லாமல் காலடி, அடுத்து பயிற்சியாளர் நீட்டும் பந்தை எடுத்துத் தாவுதல், அதற்குப் பிறகுதான் பாஸ்.

வேகம் தோளில் மட்டும் பிறப்பதில்லை. இடுப்பு முதலில் திரும்ப, மார்பு, தோள், முழங்கை, கடைசியில் மணிக்கட்டு என்று சாட்டைபோல் வரிசையாக வீச்சு ஏறும். முழங்கை தோளுக்குக் கீழே தொங்கினால் பந்து தாழ்ந்து, மறிப்பவரின் கையில் போய் மோதும்.

மணிக்கு 90 கி.மீ. வேகத்தில் 9 மீட்டர் தூரத்திலிருந்து வரும் பந்து 0.36 விநாடியில் கோலை எட்டும். கோல்கீப்பர் அசையத் தொடங்கவே சுமார் 0.2 விநாடி ஆகிவிடும். அதனால் கோல்கீப்பரும் மறிப்பவரும் பங்கு பிரித்துக்கொள்கிறார்கள்: எறியும் கைப்பக்க மூலையை மறிப்பவரின் உயர்த்திய கைகள் மறைக்கும், மறுமூலை கோல்கீப்பருக்கு.

வலக்கைக்காரரை எதிர்கொள்பவர் இடது காலைச் சற்று முன்வைத்து, இடது கையை எறியும் கைக்கு நேராகவும் வலது கையை அவர் இடுப்பருகிலும் வைக்க வேண்டும். மடக்கிய கையால் தொட்டு மறிக்கலாம். பின்னாலிருந்து எறியும் கையை இழுத்தால் குறைந்தது 2 நிமிடம் வெளியேதான்.

பிடித்திழுக்கும் பழக்கம் போக நல்ல பயிற்சி ஒன்று உண்டு. 3 மீட்டர் இடைவெளியில் இரண்டு கூம்புகள். நடுவே மறிப்பவர், கைக்கொரு டென்னிஸ் பந்துடன். தாக்குபவர் அவரைக் கடக்கப் பார்ப்பார். விரல்கள் மூடியிருப்பதால் கால்கள் வேலை செய்தாக வேண்டும். நான்கைந்து மோதலில் ஆளை மாற்றுங்கள். கால் சோர்ந்தால் கை தானாக நீளும்.

முன்னேறிப் போய் மறித்தவர், பந்து கைமாறியதும் அது போன பக்கமாகச் சாய்வாக 6 மீட்டர் கோட்டுக்குத் திரும்ப வேண்டும். பந்தையே பார்த்து நின்றுவிட்டால், அவர் முதுகுக்குப் பின்னால் பிவட், அதாவது 6 மீட்டர் கோட்டருகே நிற்கும் எதிரணி ஆட்டக்காரர், தனியாகக் கை நீட்டிக் காத்திருப்பார்.