பேனல் ஸ்டிக்கர்ல இருக்கற கலோரிய அப்படியே நம்பாதீங்க

சேஃப்டி ஆடிட்டுக்கு எந்த ஃபேக்டரிக்குப் போனாலும் எலக்ட்ரிக்கல் ரூம்ல மண்டை ஓடு படம் போட்ட "அபாயம் 415 வோல்ட்" போர்டு தொங்கும், சட்டப்படி இருக்க வேண்டியது தான், ஆனா தொட்டா ஷாக் அடிக்கும்ங்கறதுக்கு மேல அது எதுவும் சொல்லாது. தொடாமலே ஆள எரிக்கறது ஆர்க் ஃப்ளாஷ், அதாவது கரண்ட் காத்து வழியா பாஞ்சு வெடிக்கற நெருப்பு. ஸ்பேனர் கை நழுவி பஸ்பார் (பேனலுக்குள்ள கரண்ட் ஓடற உலோகப் பட்டை) நடுவுல விழுந்தா போதும், எலி பூந்தா போதும், ஏசிபிய, அதாவது பெரிய சர்க்யூட் பிரேக்கர, பேனலுக்குள்ள தள்ளி மாட்டறப்ப (ரேக் இன்) காண்டாக்ட் சரியா உக்காரலன்னாலும் போதும். சூடு 19,000 டிகிரி செல்சியஸ் வரைக்கும் போகலாம், சூரியனோட மேற்பரப்பே சுமார் 5,500 தாங்க. காப்பர் ஆவியாகறப்ப 67,000 மடங்கு விரியும், பேனல் கதவு பிச்சிக்கிட்டு வர்றது அதனால தான்.

தோல் மேல சதுர சென்டிமீட்டருக்கு 1.2 கலோரி பட்டாலே கொப்புளம் போட்டுரும். அந்த 1.2 எவ்வளவு தூரம் வரைக்கும் வருமோ அது தான் ஆர்க் ஃப்ளாஷ் பவுண்டரி, அதுக்குரிய சூட் (ஆர்க் தாங்கற பாதுகாப்பு டிரெஸ்) இல்லாம யாரும் உள்ள போகக் கூடாது. அமெரிக்காவோட என்எஃப்பிஏ 70இ ஸ்டாண்டர்டு படி ஸ்டிக்கர்ல வோல்டேஜ், இந்த பவுண்டரி, அப்புறம் நிக்கற தூரத்துல எத்தன கலோரி வரும்னோ இல்ல எந்த ரேட்டிங் டிரெஸ் வேணும்னோ போட்டிருக்கணும்.

சரி, போட்டாச்சு. ஆனா அந்த கலோரி, சப்ளை வர்ற பக்கத்துல இருக்கற பிரேக்கர் எவ்வளவு சீக்கிரம் ட்ரிப் ஆகும்ங்கறத வெச்சுப் போட்ட கணக்கு. 0.1 செகண்ட்ல 6 கலோரின்னா 0.5 செகண்ட்ல 30 ஆயிரும். மோட்டார் ஸ்டார்ட் பண்றப்பல்லாம் ட்ரிப் ஆகுது, புரொடக்ஷன் நிக்குதுன்னு நைட் ஷிஃப்ட்ல யாராவது ரிலேயோட (ஃபால்ட்ட கண்டுபிடிச்சு பிரேக்கர ட்ரிப் பண்ற கருவி) டிலேய ஏத்தி விட்டிருப்பாங்க, ஸ்டிக்கர்ல மட்டும் அதே 6 இருக்கும், அத நம்பி 8 கலோரி சூட்டோட ஒருத்தர் போய் நிப்பார். செட்டிங்க தொட்டாலோ டிரான்ஸ்ஃபார்மர மாத்தினாலோ இந்த கலோரி கணக்க திரும்பப் பண்ணணும், எதுவும் மாறலன்னாலும் 5 வருஷத்துக்குள்ள ஒரு தடவ சரி பாக்கணும். தேதியே இல்லாத ஸ்டிக்கர நான் கணக்குல சேக்கறதில்ல.

இன்னொன்னு, 11 கேவி யார்டுக்கு பயப்படற ஆளுங்க எல்டி (415 வோல்ட் பக்கம்) மெயின் இன்கமர், அதாவது டிரான்ஸ்ஃபார்மர்ல இருந்து சப்ளை உள்ள வர்ற மெயின் பிரேக்கர், முன்னாடி பாலியஸ்டர் சட்டையோட கைய மடிச்சு விட்டுட்டு நிக்கறாங்க. டிரான்ஸ்ஃபார்மர்ல இருந்து அந்த இன்கமர் வரைக்கும் ஆர்க் வந்தா அத கட் பண்ண வேண்டியது டிரான்ஸ்ஃபார்மரோட எச்டி (11 கேவி) பக்கத்து ரிலே தான், அதுக்கு இந்த ஃபால்ட் சின்னதா தெரியறதால நிதானமா தான் ட்ரிப் ஆகும், அதனால நிறைய பிளான்ட்ல மோசமான நம்பர் வர்றதே அங்க தான். பாலியஸ்டர் வேற உருகி தோலோட ஒட்டிக்கும்.

40 கலோரி சூட் இருக்கு, சப்ளை இருக்கறப்பவே லைவ்ல பண்ணிரலாமான்னு கேக்கறவங்களும் இருக்காங்க. சூட் தீக்காயத்த தான் குறைக்கும், வெடிக்கற பிரஷர தடுக்காது. ஷட்டவுன் வாங்குங்க, லாக் போடுங்க, சப்ளை இல்லன்னு டெஸ்ட் பண்ணுங்க. ரேக்கிங் மாதிரி வேலைய ரிமோட்ல தூரமா நின்னு பண்ணுங்க. ரிலேல மெயின்டனன்ஸ் மோட் இருந்தா ஆன் பண்ணிட்டு வேலைய ஆரம்பிங்க, ஃபால்ட் வந்தா டிலே இல்லாம ட்ரிப் ஆகும். முடிச்சுட்டு ஆஃப் பண்ண மறந்தா மறுநாள் புரொடக்ஷன்காரங்க திட்டுவாங்க, வாங்கிக்கலாம்.