கதிரைக்கு என்ன குறை?

போன மாதம் ஒரு பாடசாலை மலருக்கு என் அப்பப்பாவைப் பற்றி இரண்டு பக்கம் எழுதிக் கொடுத்தேன். "கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். லாச்சியைத் திறந்து திறப்பை எடுத்தார்" என்று ஒரு வரி. அச்சில் வந்தபோது அப்பப்பா நாற்காலியை இழுத்துப் போட்டு அமர்ந்திருந்தார். இழுப்பறையைத் திறந்து சாவியை எடுத்திருந்தார். சரவை பார்த்த தம்பியிடம் கேட்டேன். "கதிரை போர்த்துக்கேயம் சேர், நல்ல தமிழாக்கிவிட்டேன்" என்றார். இந்தப் பதிலைக் கேட்டுக் கேட்டு எனக்குக் காது புளித்துவிட்டது.

போர்த்துக்கேயம்தான். அவர்களுடைய கதெய்ரா நம் வாயில் கதிரையானது. அதற்குத் தாய் இலத்தீன், பாட்டி கிரேக்கம். கிரேக்கத்தில் கதெட்ரா என்றால் இருக்கை. ஆங்கிலத்தின் செயார் பிரெஞ்சு வழியாக வந்த அதே பாட்டியின் பேத்தி. ஆயரின் கதிரை உள்ள கோயில் என்பதால்தான் ஆங்கிலத்தில் கதீட்ரல். மட்டக்களப்பு 2012 இல் தனி மறைமாவட்டமான பிறகு நமக்கும் அப்படியொரு கதிரை உண்டு, புளியந்தீவு புனித மரியாள் பேராலயத்தில். கதிர்காமத்துக்கும் கதிரை என்றொரு பெயர் இருக்கிறதே, அது வேறு. சின்ன வயதில் எனக்கு அது தெரியாது. உகந்தை வழியாக நடந்து போகிறவர்கள் "கதிரை வேலா" என்று கும்பிடும்போது, முருகன் கால்மேல் கால் போட்டுக் கதிரையில் இருக்கிறார் என்றே நினைத்திருந்தேன்.

புளியந்தீவில் போர்த்துக்கேயர் 1628 இல் கோட்டை கட்டினார்கள், 1638 இல் ஒல்லாந்தர் பிடித்துக்கொண்டார்கள். கோட்டை கை மாறினாலும் சொல் போகவில்லை. போர்த்துக்கேயக் கிரியோல் பேசும் பறங்கியர் இன்றும் மட்டக்களப்பில் இருக்கிறார்கள், தச்சு வேலையும் அவர்களுடைய தொழில்களில் ஒன்று. எங்கள் வீட்டுச் சாய்மனைக் கதிரையும் ஒரு பறங்கித் தச்சன் செய்ததுதான். கைகளுக்கு அடியிலிருந்து இரண்டு பலகை வெளியே திரும்பும், காலை நீட்டிப் போடலாம். சட்டத்தைச் சுற்றித் துளை, துளைக்குத் துளை பிரம்பு. நடுவில் தொய்ந்த இடத்தை அப்பா நைலோன் நூலால் பின்னியிருக்கிறார். செய்தவன் தந்த பெயரோடு வீட்டுக்குள் வந்த சாமான் அது. மலரில் இப்போது அது "சாய்வு நாற்காலி".

நாற்காலியில் அப்படி என்ன இருக்கிறது? நாலு கால். கட்டிலுக்கும் நாலு கால், மேசைக்கும் நாலு கால், முற்றத்து ஆட்டுக்கும் நாலு கால். மலையாளத்தில் நாற்காலி என்றால் ஆடுமாடுதான். எங்கள் கந்தோரில் உருளுகிற கதிரைக்கு ஒரு தண்டும் ஐந்து சில்லும். அதை யாரும் ஐங்காலி என்று சொல்லிக் கேட்டதில்லை, "சுழல் நாற்காலி" என்கிறார்கள். இருப்பதற்கான சாமான் என்ற குறிப்பே அந்தச் சொல்லில் இல்லை. தமிழ்நாட்டில் அது பழகிய சொல், அவர்கள் சொல்லட்டும். காத்தான்குடியிலும் கல்முனையிலும் கதிரை என்று சொல்கிற வாய்க்கு அதை ஏன் திணிக்க வேண்டும்?

தூய தமிழ்தான் வேண்டுமென்றால் இருக்கை இருக்கிறது. இரு என்ற வினையிலிருந்து பிறந்தது, பொருளும் நேர். ஹார்வர்ட் பல்கலைக்கழகத்தில் அமைந்ததைத் தமிழ் இருக்கை என்றார்கள், தமிழ் நாற்காலி என்று சொல்லவில்லை. பேருந்துக்கும் மண்டபத்துக்கும் பதவிக்கும் இருக்கை பொருந்தும். வீட்டுச் சாமானுக்குக் கதிரை. என் தீர்ப்பு இதுதான்.

ஆனால் அந்தத் தம்பி இருக்கையைத் தேடவில்லை. "இருந்தார்" என்பதையே வெட்டி "அமர்ந்தார்" ஆக்கினார். "இரிங்க" என்று நாம் வந்தவரை உபசரிக்கிறோமே, அந்த இரு அவருக்குக் கொச்சையாகப் பட்டிருக்கிறது. அரசன் வீற்றிருந்தான் என்று படித்தபோது என்ன நினைத்தாரோ.

மற்றதைக் கேளுங்கள். லாச்சி ஒல்லாந்தச் சொல், இழுப்பறை ஆனதில் எனக்குப் பெரிய கோபமில்லை. ஆனால் திறப்பு? திற என்பதிலிருந்து வந்த பச்சைத் தமிழ். அதை எடுத்துவிட்டு அவர் வைத்த சாவி போர்த்துக்கேயரின் ஷாவி! கதிரையைப் போர்த்துக்கேயம் என்று வெளியே தள்ளியவர், அடுத்த வரியில் தமிழைத் தள்ளிவிட்டுப் போர்த்துக்கேயத்தைக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். அதே பக்கத்தில் மேசையும் யன்னலும் கைபடாமல் நிற்கின்றன, இரண்டும் கதிரையோடு வந்த உறவுகள்.

இதில் தூய்மை எங்கே? சென்னைத் தொலைக்காட்சியில் கேட்டது நல்ல தமிழ், அம்மம்மா வாயில் கேட்டது பிழை, அவ்வளவுதான் கணக்கு. மொழிபெயர்ப்பாளர்களும் இதே கணக்கில்தான் வேலை செய்கிறார்கள். கடை விளம்பரத்தில் "நாற்காலி" என்று போடுகிறார்கள், அதைப் பார்த்துக் கடைக்குப் போகிறவர் "கதிரை என்ன விலை?" என்று கேட்கிறார்.

அடுத்த மலருக்கும் கட்டுரை கேட்டிருக்கிறார்கள். கொடுத்துவிட்டேன். முதல் பக்கத்தின் மேலே சிவப்பு மையில் எழுதியிருக்கிறேன்: கதிரையில் கை வைத்தாலும் வையுங்கள், திறப்பைத் தொட வேண்டாம்.