மலிவான வெப்கேமுக்கு வெளிச்சமே உயிர்

பகலில் ஜன்னலைப் பார்த்து உட்கார்ந்து வீடியோ கால் பேசினால் புருவ முடிகூடத் தனித்தனியாகத் தெரிகிறது. இரவில் அதே நாற்காலி, அதே வெப்கேம். முகம் மட்டும் மங்கி, அதன்மேல் மணலைத் தூவிவிட்டது போலப் புள்ளிகள் நெளிகின்றன. கையை ஆட்டினால் விரல்கள் ஒன்றோடொன்று கரைகின்றன. கேமராவில் பழுதில்லை, அதற்கு வெளிச்சம் போதவில்லை.

விலை குறைந்த வெப்கேமின் சென்சார், அதாவது ஒளியை உணரும் சில்லு, சுண்டுவிரல் நகத்தைவிடச் சிறியது. 1280×720 அளவில் படமெடுக்க அந்த இடத்துக்குள் 9,21,600 பிக்சல்கள் வேலை செய்ய வேண்டும். ஒவ்வொன்றும் தன்மேல் விழும் ஒளியை மின்னூட்டமாக மாற்றுகிறது. நிறம் பார்க்க அதற்குத் தெரியாது என்பதால் தலைக்குமேல் சிவப்பு, பச்சை, நீலம் இவற்றில் ஏதாவதொரு வடிகட்டி இருக்கும். இந்த அமைப்பை வகுத்தவர் கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர்; 1976இல் காப்புரிமை பெற்றது. பாதிப் பிக்சல்கள் பச்சைக்கு, மீதி சிவப்புக்கும் நீலத்துக்கும். விடுபட்ட நிறங்களை அக்கம்பக்கத்துப் பிக்சல்களை வைத்துக் கேமரா கணக்கிட்டு நிரப்பிக்கொள்கிறது. ஏற்கெனவே குறைவாக வரும் ஒளியில் பெரும்பங்கு இந்த வடிகட்டிகளிலேயே போய்விடுகிறது.

இருட்டில் கேமரா என்ன செய்யும்? ஒவ்வொரு ஃபிரேமுக்கும், அதாவது வீடியோவின் ஒவ்வொரு தனிப்படத்துக்கும், கூடுதல் நேரம் ஒளியைச் சேர்க்கும். நொடிக்கு 30 ஃபிரேம் என்பது 15க்கும் கீழே இறங்கலாம். அசையும் கை கரைவது இதனால்தான். அதுவும் போதாமல் மின்னூட்டத்தைப் பெருக்கும். கூடவே சென்சாரின் இரைச்சலும் (படத்தோடு கலக்கும் தாறுமாறான மின்சலனம்) பெருகிப் புள்ளிகளாகத் தெரியும். ஆகவே பெட்டியில் அச்சடித்த மெகாபிக்சல் எண்ணில் மயங்காதீர்கள். மலிவான கேமராக்களில் அது பல நேரம் மென்பொருள் இழுத்துப் பெரிதாக்கிய அளவுதான். திரைக்குப் பின்னால், முகத்தை நோக்கி ஒரு மேசை விளக்கு வைத்தாலே பெரிய வித்தியாசம் தெரியும். விளக்கு முதுகுப்பக்கம் இருந்தால் முகம் கறுத்துவிடும். விளக்கின் துடிப்பால் படத்தில் பட்டை பட்டையாகக் கோடுகள் ஓடினால், உங்கள் மின்சாரத்தின் அலைவெண்ணுக்கு ஏற்ப 50 அல்லது 60 ஹெர்ட்ஸ் என்று கேமராவின் அமைப்பில் மாற்றுங்கள்.

படத்தைக் கணினிக்கு அனுப்புவதும் லேசான வேலையல்ல. ஒரு பிக்சலுக்கு 2 பைட் என்றால், மேற்சொன்ன அளவில் நொடிக்கு 30 ஃபிரேமுக்கு ஏறக்குறைய 5.5 கோடி பைட். யூஎஸ்பி 2.0இன் உச்ச வேகமே நொடிக்கு 6 கோடி பைட்தான், நடைமுறையில் அதைவிடக் குறைவு. அதனால் பல வெப்கேம்கள் ஒவ்வொரு ஃபிரேமையும் ஜேபெக் (JPEG) படமாகச் சுருக்கி அனுப்புகின்றன.

வெப்கேமின் கதையே கண்காணிப்பில்தான் தொடங்கியது. 1991இல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகக் கணினி ஆய்வகத்தில் காபி இருக்கிறதா என்று இருந்த இடத்திலிருந்தே பார்க்க, காபிக் குடுவைக்கு எதிரே ஒரு கேமராவை வைத்தார்கள். 128×128 பிக்சல், கறுப்பு வெள்ளைப் படம். 1993இல் அது இணையத்துக்கு வந்தது. 2001 வரை ஓடியது.

வீட்டைக் கண்காணிக்கும் மென்பொருளின் அடிப்படை எளிது. இந்த ஃபிரேமிலிருந்து முந்தைய ஃபிரேமைப் பிக்சல் பிக்சலாகக் கழிக்கிறது. குறிப்பிட்ட அளவுக்குமேல் பிக்சல்கள் மாறியிருந்தால் யாரோ நடமாடுகிறார்கள் என்று படத்தைச் சேமிக்கிறது. இங்கேயும் வெளிச்சம் குறுக்கே வரும். இருட்டில் நெளியும் புள்ளிகளே அசைவாகக் கணக்காகி வீண் எச்சரிக்கைகள் குவியும். திரைச்சீலை ஆடுகிற மூலையைக் கணக்கிலிருந்து விலக்கிவிடுங்கள். வாசலில் ஒரு சிறு விளக்கை எரியவிடுங்கள். ஜன்னல் கண்ணாடிக்கு உள்ளிருந்து வெளியே பார்க்கும்படி கேமராவை வைத்தால், இரவில் உங்கள் அறையின் பிரதிபலிப்பைத்தான் அது படமெடுக்கும்.

வெளியூரிலிருந்து பார்க்க வசதி செய்கிறவர்கள் முதலில் பாஸ்வேர்டை மாற்ற வேண்டும். 2016இல் பரவிய மிராய் என்ற தீநிரல், தயாரிப்பாளர் வைத்த பாஸ்வேர்டு மாறாமல் கிடந்த இணையக் கேமராக்களில்தான் பெருமளவில் புகுந்தது. பதிவுகளை வீட்டுக் கணினியில் மட்டும் வைப்பதும் போதாது. திருட வந்தவர் கணினியையே தூக்கிக்கொண்டு போய்விடலாம். அசைவு பதிவான படங்கள் அந்த நொடியே வேறோர் இடத்துக்குப் போய்ச் சேரும்படி அமைத்துவிடுங்கள்.