நரம்பு: எதைச் சொல்கிறோம்?

"நரம்புலயா, இடுப்புலயா?" மதுரையில் ஊசி போட்டுக்கொள்ளப் போகிறவர் கேட்கும் முதல் கேள்வி இது. கையை இறுக்கிக் கட்டி, தட்டிப் பார்த்த நர்ஸும் "நரம்பு கிடைக்க மாட்டேங்குதே" என்பார். இருவரும் குறிப்பது நீலமாகத் தெரியும் இரத்தக் குழாயை. பாடநூல் அதைச் சிரை என்கிறது. உண்மையான நரம்பில் ஊசி குத்தினால் விரல் வரை ஷாக் அடித்தாற்போல் சுர்ரென்று இழுக்கும். அப்போதே ஊசியை எடுத்துவிட வேண்டும்.

இந்தப் பேச்சு வழக்கைப் பிழை என்று தள்ளிவிட முடியாது. புறநானூற்றின் 278ஆம் பாட்டில் முதியவளின் தோள் "நரம்பெழுந்து உலறிய" தோள். அங்கே எழுந்து நிற்பதும் புடைத்த இரத்தக் குழாய்தான். யாழில் கட்டிய தந்தியும் நரம்பு, அதில் பிறக்கும் சுரமும் நரம்பு. சோழவந்தான் வெற்றிலையைச் சுண்ணாம்பு தடவுமுன் திருப்பிப் போட்டுக் கிள்ளி எடுப்பதும் நரம்பு. தெலுங்கில் நரமு, கன்னடத்தில் நர, மலையாளத்தில் ஞரம்பு. இழையாக நீண்டு ஓடுவது எதுவானாலும் அதற்கு இந்தப் பெயர் பொருந்தியிருக்கிறது.

வியப்பு என்னவென்றால், கிரேக்கச் சொல்லும் இதே தடத்தில்தான் வந்திருக்கிறது. 'நியூரான்' என்றால் பழைய கிரேக்கத்தில் தசைநாண், வில்லின் நாண், யாழின் தந்தி. அந்தச் சொல்லை வைத்து 1664இல் தாமஸ் வில்லிஸ் என்ற ஆங்கில மருத்துவர் தம் மூளை உடற்கூற்று நூலில் 'நியூரோலஜி' என்ற பெயரைப் படைத்தார். ஆகவே நரம்பியல் என்பது ஒப்புக்கு ஒட்டவைத்த மொழிபெயர்ப்பு இல்லை. இரண்டு மொழியிலும் இசைத் தந்திக்கு வழங்கிய சொல்லே உடலுக்குள் செய்தி கடத்தும் இழைக்கும் பெயராகி நிற்கிறது.

பொருளைக் குறுக்கிக்கொள்வதுதான் நம் வேலை. இதயத்திலிருந்து இரத்தம் கொண்டுபோவது தமனி, திரும்பக் கொண்டுவருவது சிரை, தசையை எலும்போடு கட்டுவது தசைநாண். மூளை, தண்டுவடத்துக்கும் உடம்புக்கும் இடையே மின்குறிப்பைக் கடத்துவது மட்டுமே நரம்பு. புறங்கையில் புடைத்திருப்பதை அழுத்தினால் அமுங்கி வெறுமையாகும், அது சிரை. நரம்பைத் தொட்டுப் பார்க்க வேண்டுமானால் முழங்கையின் உள்பக்க எலும்பு மேட்டுக்குப் பின்னால் உள்ள பள்ளத்தில் விரலை வைத்து உருட்டுங்கள். கயிறுபோல் ஒன்று நழுவும், சுண்டுவிரல் கூசும். தொழுநோயில் தடித்துப்போகும் நரம்புகளில் இதுவும் ஒன்று. அதனால்தான் தேமல்போல் வெளுத்து உணர்ச்சியற்ற படை இருந்தால் மருத்துவர் முழங்கையையும் தடவிப் பார்க்கிறார்.

சொல் குழம்பினால் நோயறிதலும் தடம் மாறும். "மூளையில நரம்பு வெடிச்சிருச்சு" என்கிறோம், வெடித்தது தமனி. "நரம்புல அடைப்பு" என்பதும் தமனி அடைப்பே. பக்கவாதத்தில் வாய் கோணி, ஒரு பக்கக் கை கால் விழுந்து, பேச்சு குழறும். அதை நரம்பு இழுத்துக்கொண்டதாக எண்ணி எண்ணெய் தேய்த்துக்கொண்டு உட்காரும் வீடுகள் இன்னும் இருக்கின்றன. அடைப்பைக் கரைக்கும் ஊசியைப் பெரும்பாலும் அறிகுறி தொடங்கி நாலரை மணி நேரத்துக்குள் போட்டாக வேண்டும். அதற்கு முன்பே சி.டி. ஸ்கேன் எடுத்து, மூளையில் இரத்தக் கசிவு இல்லை என்று உறுதி செய்ய வேண்டும். கசிவு இருக்கும்போது அந்த ஊசியைப் போட்டால் உயிருக்கே ஆபத்து. ஆகவே கடைசியாக நன்றாக இருந்தது எத்தனை மணிக்கு என்பதைச் சொல்லத் தெரிந்த ஒருவர் கூடப் போவது நல்லது.

'நரம்புத் தளர்ச்சி' இன்னொரு தொல்லை. 1869இல் ஜார்ஜ் பியர்ட் என்ற அமெரிக்க மருத்துவர் பரப்பிய 'நியூராஸ்தீனியா' என்ற பெயருக்கு நேரான சொல் இது. சுவர் விளம்பரங்களில் அது நடுக்கம், படபடப்பு, ஆண்மைக் குறைவு எல்லாவற்றுக்கும் பொதுப்பெயர். ஆனால் நடுக்கத்துக்குப் பின்னால் தைராய்டு மிகுதி இருக்கலாம், பார்க்கின்சன் நோய் இருக்கலாம், வெறும் பதற்றமாகவும் இருக்கலாம். மூன்றுக்கும் மருந்து வேறு வேறு.

எனவே நரம்பியல் மருத்துவரிடம் "நரம்புல கோளாறு" என்று சொல்வதைவிட, எங்கே என்ன ஆகிறது என்று சொல்வது பயன் தரும். "ரெண்டு பாதமும் மதமதன்னு இருக்கு, செருப்பு கழண்டு விழுந்ததே தெரியல" என்றால் சர்க்கரையால் வரும் நரம்புச் சிதைவை நினைப்பார். கால் பெருவிரலில் 128 ஹெர்ட்ஸ் இசைக்கவையையும் (தட்டினால் அதிரும் உலோகக் கவை) பாதத்தில் 10 கிராம் நைலான் இழையையும் வைத்துச் சோதிப்பார். "ராத்திரி கை மரத்துப்போய் எழுந்து உதறுறேன், சுண்டுவிரல் மட்டும் நல்லாருக்கு" என்றால் மணிக்கட்டில் அழுந்தும் நரம்பு.

அடுத்து வருவது நரம்புக் கடத்தல் சோதனை. சிறு மின்துடிப்பு கொடுத்து வேகத்தை அளப்பார்கள். கையில் நொடிக்குச் சுமார் 50 மீட்டர், காலில் 40 மீட்டருக்குக் குறையாமல் இருக்க வேண்டும். ஏ.சி. அறையில் கை சில்லிட்டிருந்தால் ஒவ்வொரு டிகிரிக்கும் சுமார் 2 மீட்டர் குறையும். நல்ல நரம்பும் நோயுற்றதுபோல் தெரியும். தோல் 32 டிகிரி செல்சியஸ் வரும்வரை கையைச் சூடேற்றிய பிறகே அளக்க வேண்டும். இன்னொன்று, இந்தச் சோதனை பருத்த இழைகளை மட்டுமே அளக்கும். பாத எரிச்சலைக் கடத்தும் மெல்லிய இழைகள் கெட்டிருந்தால் ரிப்போர்ட் 'நார்மல்' என்றே வரும், எரிச்சலும் உண்மையாகவே இருக்கும்.