கட்டுப் போட்ட காதும் நிறுத்தப்பட்ட மாத்திரையும்

மனநோய்க்கான மாத்திரை சாப்பிட்டால் வரையும் திறன் போய்விடும் என்று அஞ்சி, வீட்டில் யாருக்கும் சொல்லாமல் அதை நிறுத்திவிட்ட ஓவிய மாணவர் ஒருவரை, நோய் முற்றிய நிலையில் அண்மையில் என்னிடம் அழைத்து வந்தார்கள். காதில் கட்டுடன் டச்சு ஓவியர் வின்சென்ட் வான்கோ தம்மையே வரைந்துகொண்ட படம் அவருடைய கைபேசியின் முகப்பில் இருந்தது. இப்படி வருகிறவர்கள் பெருகிவிட்டதால், மனநல மருத்துவரான நான் அந்த ஓவியத்தைப் பற்றி எழுத வேண்டியிருக்கிறது.

பித்தம் தலைக்கேறிய நேரத்தில் பிறந்த படம் என்று அதைக் கொண்டாடுகிறார்கள். தயவுசெய்து தேதிகளைப் பாருங்கள். பிரான்ஸின் ஆர்ல் நகரில் அவர் காதை அறுத்துக்கொண்டது 1888 டிசம்பர் 23 இரவு. மருத்துவமனையில் சிகிச்சை பெற்று, 1889 ஜனவரி 7 அன்று வீடு திரும்பிய பிறகே கண்ணாடி முன் அமர்ந்து அதை வரைந்தார். அறுபட்டது இடக்காது, படத்தில் கட்டு வலக்காதில் தெரிவது கண்ணாடியைப் பார்த்து வரைந்ததால்தான். இன்று லண்டன் கோர்ட்டால்ட் காட்சிக்கூடத்தில் இருக்கும் அப்படத்தில் பச்சை மேலங்கியும் ரோமத் தொப்பியும் அணிந்திருக்கும் அவருக்குப் பின்னால், ஒருபுறம் தாங்கியில் ஓவியத் துணி, மறுபுறம் அவர் நேசித்த ஜப்பானிய அச்சுப்படம். காயத்தை மறைக்காமலும் அதைக் காட்டி இரக்கம் தேடாமலும், தாம் மீண்டும் தொழிலுக்குத் திரும்பிய ஓவியர் என்பதையே அந்த முகம் சொல்கிறது என்பது என் கருத்து.

அதே ஆண்டு மே மாதம் ஆர்லுக்கு அருகிலுள்ள சான் ரெமி ஊரின் மனநல விடுதியில் அவர் தாமாகவே சேர்ந்தார். ஜூலையில் மீண்டும் நோய் தாக்கியபோது, வாரக்கணக்கில் அவரால் வரைய முடியவில்லை. செப்டம்பரில் தன்னுருவ ஓவியங்கள் வந்தது தெளிந்த பிறகுதான். நோய் அவருக்கு எதையும் வரைந்து கொடுக்கவில்லை. வரையும் நாட்களைத்தான் பறித்தது. அவருக்கு இருந்தது என்ன நோய் என்பதில் மருத்துவர்களிடையே இன்றும் உடன்பாடில்லை. படத்தை மட்டும் வைத்து நோயைக் கணிக்கும் எங்கள் துறையினரின் பழக்கத்தையும் நான் ஏற்பதில்லை.

மருந்தால் கை நடுங்கினாலோ மனம் மந்தமானாலோ மருத்துவரிடம் சொல்லுங்கள். மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் என்ற மருந்தை எடுப்போருக்கு விரல் நடுக்கம் வருவதுண்டு; இரத்தத்தில் அதன் அளவைப் பரிசோதித்து, மருந்தைக் குறைக்கவோ மாற்றவோ வழியிருக்கிறது. நீங்களாக நிறுத்தாதீர்கள். ஓவிய ஆசிரியர்களே, வேதனைதான் மூலதனம் என்று மாணவர்களுக்குப் போதிக்காதீர்கள். பெற்றோரே, பிள்ளை தன் முகத்தைக் கறுப்பாக வரைந்தால் படத்தைப் பிடுங்கிக் கிழிக்காமல், தூக்கமும் சாப்பாடும் எப்படி இருக்கின்றன என்று பக்கத்தில் உட்கார்ந்து கேளுங்கள்; இரண்டும் கெட்டிருந்தால் தாமதிக்காமல் மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.