கொம்யூன் என்றால் ஊரா, ஊராட்சியா?

பிரான்சைப் பற்றித் தமிழில் எழுத உட்கார்ந்தால், அந்நாட்டின் அடிப்படை உள்ளாட்சிப் பகுதியான 'கொம்யூன்' என்ற சொல் சீக்கிரமே குறுக்கே வந்து நிற்கும். 1871-இல் பாரிசில் எழுந்த புரட்சி அரசான பாரிஸ் கம்யூனைப் பற்றிப் படித்தவர்களுக்கு உடனே பொதுவுடைமைதான் நினைவுக்கு வரும். ஆனால் திராட்சை பயிரிடும் ஒரு சிற்றூரைக் 'கூட்டுக் குடியிருப்பு' என்று எழுதிவிட்டால், எல்லோரும் நிலத்தைப் பொதுவில் வைத்து உழுகிறார்கள் போலிருக்கிறது என்று வாசகர் எண்ணிக்கொள்வார். பிரான்சின் ஒயின் வட்டாரமான பர்கண்டியில் நிலைமையே வேறு. சொத்து பாகம் பிரிந்து பிரிந்து, ஒரே தோட்டத்தில் சில வரிசைக் கொடிகள் மட்டும் சொந்தமாக வைத்திருப்பவர்கள் அங்கே உண்டு.

லத்தீனில் 'கொம்யூனிஸ்' என்றால் பொதுவானது. இடைக்காலத்தில் பிரபுவிடம் சாசனம் வாங்கித் தங்களைத் தாங்களே ஆண்டுகொண்ட நகரத்தாரின் கூட்டமைப்புக்குக் கொம்யூன் என்று பெயர். பிரெஞ்சுப் புரட்சி வெடித்தபின், 1789 டிசம்பர் சட்டம் நகரம், சிற்றூர், தேவாலயப் பங்கு என்று பாராமல் எல்லாவற்றுக்கும் ஒரே மாதிரி உள்ளாட்சி அமைப்பைக் கொடுத்தது. இன்று ஏறத்தாழ 35,000 கொம்யூன்கள். பாதிக்கு மேற்பட்டவற்றில் 500 பேர்கூட இல்லை. பாரிசும் 2018 வரை சட்டப்படி ஒரு கொம்யூனாகவே இருந்தது!

பர்கண்டியின் வோன்-ரொமானேயைப் பாருங்கள். நானூறு பேர்கூட இல்லாத ஊர். கொடி வரிசைக்கு இரு பக்கமும் காலை அகட்டி வைத்ததுபோல், வரிசையின் மேலாகவே நகரும் உயரமான டிராக்டர்கள்; இடுப்பளவு கல் சுவர்; சுவரருகே ஒரு கற்சிலுவை. அதன் பின்னே இருக்கும் நாலரை ஏக்கர்தான் ரொமானே-கோந்தி என்ற திராட்சைத் தோட்டம். அதன் ஒயின் ஒரு பாட்டில் பல லட்ச ரூபாய். ஊருக்கு முதலில் வோன் என்று மட்டுமே பெயர். 1866-இல் புகழ்பெற்ற தோட்டத்தின் பெயரையும் சேர்த்துக்கொண்டார்கள். ஜெவ்ரே என்ற இன்னொரு பர்கண்டி ஊர் அதற்கு முன்பே, 1847-இல், தன் ஷாம்பெர்தாங் தோட்டத்தின் பெயரைச் சேர்த்து ஜெவ்ரே-ஷாம்பெர்தாங் ஆகியிருந்தது. விற்பனைத் தந்திரம்தான், வேறென்ன! இந்த ஊர்களுக்கு ஒயின் பாட்டிலின் மேல் ஊர்ப் பெயர் போடச் சட்ட உரிமை உண்டு. ஆனால் வோன்-ரொமானேக்குப் பக்கத்து ஊரான ஃபிளாஜே-எஷெசோவுக்கு அது கிடையாது. அந்த ஊர்ப் பெயர் சொல்லி விற்க வேண்டிய ஒயினும் வோன்-ரொமானே என்ற பெயரில்தான் போகிறது.

இத்தனை சின்ன ஊருக்கும் ஆறாண்டுக்கு ஒருமுறை தேர்தல், மன்றம், 'மேர்' எனப்படும் தலைவர், 'மேரி' எனப்படும் அலுவலகம் எல்லாம் உண்டு. மூவர்ணப் பட்டியைத் தோளில் குறுக்கே அணிந்து மேர் நடத்திவைக்கும் திருமணம்தான் சட்டப்படி செல்லும். தேவாலயச் சடங்கெல்லாம் அப்புறம்தான். உத்தரவு போடும் அதிகாரமும் அவருக்கு உண்டு. தெற்கே ரோன் பள்ளத்தாக்கில் இருக்கும் ஷாத்தோநெஃப்-து-பாப் என்ற ஒயின் ஊரின் மேர், 1954-இல், பறக்கும் தட்டுகள் கொம்யூன் எல்லைக்குள் பறக்கவோ இறங்கவோ கூடாது என்று தடை போட்டார். நல்ல விளம்பரம்.

சரி, தமிழில் என்ன சொல்வது? பிரெஞ்சு ஆட்சி 1880-இல் புதுச்சேரியிலும் காரைக்காலிலும் கொம்யூன்களை ஏற்படுத்தியது. அதன் மிச்சமாக பாகூர், வில்லியனூர், நெட்டப்பாக்கம் எல்லாம் இன்றும் 'கொம்யூன் பஞ்சாயத்து'கள். ஏறக்குறைய ஒரே பொருளுடைய இரண்டு சொற்களை அடுக்கி வைத்த பெயர் அது. 'கிராமம்' என்றால் பாரிசுக்குப் பொருந்தாது. 'ஊராட்சி' நிர்வாகத்தை மட்டும் சொல்லும், இடத்தையும் மக்களையும் விட்டுவிடும்.

என் தேர்வு 'ஊர்'. சோழர் கல்வெட்டுகளில் வேளாண் மக்களின் அவைக்கும் ஊர் என்றே பெயர். 'ஊரோம்' என்று அவர்களே கூட்டாகப் பேசுவார்கள். இடம், மக்கள், அவை மூன்றும் அந்தச் சொல்லில் அடங்கிவிடுகின்றன. ஆட்சி அமைப்பைத் தனியாகச் சுட்டும்போது ஊராட்சி, ஊர் மன்றம் என்று எழுதலாம். பெரிய நகரமானால் நகராட்சி. சட்டப் பிரிவு பற்றிய பேச்சானால் கொம்யூனையே வைத்துக்கொள்வது நல்லது. மேரை மட்டும் சிற்றூர்களில் 'மேயர்' ஆக்க வேண்டாம், சென்னை மேயர் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்பார். ஊராட்சித் தலைவர் என்றால் போதும்.